கிவா: வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை நம்பி நிற்கும் ஒரு பள்ளித் திட்டம்

பள்ளியில் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சீண்டி வாட்டுவதைத் தடுக்கும் திட்டம் கிவா. அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு புரியும். ஒரு பாதி, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்தும் பாடங்கள். மறு பாதி, ஒரு குழந்தை சீண்டப்படுகிறது என்று தெரிந்த பிறகு பள்ளி எடுக்கும் நடவடிக்கை. முதல் பாதி வண்ணமயமானது, எல்லார் கண்ணிலும் படுவது. ஆனால் திட்டத்தை வாங்க நினைக்கும் தலைமையாசிரியரும், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும் முதலில் விசாரிக்க வேண்டியது இரண்டாவது பாதியைத்தான்.

இது ஃபின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில், உளவியல் பேராசிரியர் கிறிஸ்டினா சால்மிவல்லி தலைமையில் 2006-இல் உருவாகத் தொடங்கிய திட்டம். செலவை அந்நாட்டின் கல்வி அமைச்சகம் ஏற்றது. 2009-இல் நாடு முழுக்கப் பரவியது. சீண்டலுக்கு எதிராக என்று பொருள்படும் இரண்டு ஃபின்னியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் கிவா. அந்த மொழியில் அதற்கு ‘இனிமையான’ என்றும் பொருள் உண்டு. நெதர்லாந்து, இத்தாலி, எஸ்தோனியா, வேல்ஸ், நியூசிலாந்து, சிலி ஆகிய இடங்களுக்கும் போயிருக்கிறது. வயதுக்கேற்ப மூன்று பிரிவுகள் உண்டு. இங்கே பார்ப்பது பெரும்பாலும் 6 முதல் 9 வயதுக்கான முதல் பிரிவு.

திட்டத்தின் அடித்தளம் சால்மிவல்லியும் சக ஆய்வாளர்களும் 1996-இல் வெளியிட்ட ஒரு கண்டறிதல். சீண்டல் என்பது இரண்டு பேர் விவகாரம் இல்லை. சீண்டுபவர், சீண்டப்படுபவர் தவிர, கூட நின்று கைகொடுப்பவர், சிரித்து உசுப்பேற்றுபவர், கண்டும் காணாமல் ஒதுங்குபவர், பாதிக்கப்பட்டவருக்காக நிற்பவர் என்று வகுப்பு முழுக்க அதில் ஏதோ ஒரு பங்கு வகிக்கிறது. சீண்டும் பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் கூட்டத்தின் முன்னால் கிடைக்கும் மதிப்பு. சிரிப்பு நின்றால் பலனும் நின்றுவிடும். கனடாவில் ஆரம்பப் பள்ளி மைதானங்களில் மறைவாகப் படம் பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. சீண்டல் நடந்தபோது பெரும்பாலும் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள்; தலையிட்டது 19 சதவீதச் சம்பவங்களில் மட்டும். ஆனால் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே விநாடிக்குள் சீண்டல் நின்றது. பிள்ளையிடம் ‘நீ கண்டுக்காதே, அவனே அடங்கிடுவான்’ என்று சொல்லி அனுப்புவது ஏன் எடுபடுவதில்லை என்பதும் இதில் தெரிகிறது. நம் பிள்ளை கண்டுகொள்ளாவிட்டாலும் சுற்றி நிற்கும் ஐந்து பேர் கண்டுகொள்கிறார்களே!

இனி வகுப்புப் பாடங்கள். ஒரு கல்வியாண்டுக்குப் பத்துத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடமாக இரண்டு வகுப்பு நேரம். மாதம் ஒரு தலைப்பு என்ற கணக்கில் ஆண்டு முழுக்க நீளும். எடுத்த எடுப்பிலேயே சீண்டலைப் பேசுவதில்லை. ஒருவரையொருவர் அறிவது, உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்வது, யாரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வது, வேறுபாடுகளை மதிப்பது ஆகியவை முதலில் வரும். பிறகுதான் சீண்டல் என்றால் என்ன, அதில் சேராமல் இருப்பது எப்படி, பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பது எப்படி என்று போகிறது. பாடங்களிலிருந்து எடுத்த வகுப்பு விதிகள் சேர்ந்து கடைசியில் ஓர் ஒப்பந்தமாகின்றன. எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரும் அதில் கையெழுத்திடுகிறார்கள்.

இந்த வரிசை சும்மா வைத்ததில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு ‘என் பென்சிலை எடுத்தான்’ என்பதும் ‘தினமும் என்னை விளையாட்டில் சேர்க்காம ஓட்டுறாங்க’ என்பதும் ஒரே எடைதான். ‘பயமா இருந்துச்சா, கோபமா இருந்துச்சா, வெட்கமா இருந்துச்சா’ என்று பிரிக்கத் தெரிந்த பிறகே அதனால் நடந்ததைச் சொல்ல முடியும். சண்டையையும் சீண்டலையும் பிரிக்கத் திட்டம் தரும் அளவுகோல் மூன்று: வேண்டுமென்றே செய்ததா, திரும்பத் திரும்ப நடக்கிறதா, எதிர்த்து நிற்க முடியாத நிலையில் ஒருவர் இருக்கிறாரா. மூன்றாவதைத்தான் பெரியவர்கள் கோட்டைவிடுகிறார்கள். பலம் என்றால் உடல் பலம் மட்டுமில்லை. நான்கு பேர் ஒரு பக்கம் நிற்பதும் பலம்தான், திக்கிப் பேசும் குழந்தைக்கு முன்னால் வாயாடியாக இருப்பதும் பலம்தான்.

பாடம் சொதப்பும் இடங்களும் உண்டு. நடித்துக் காட்டும் பகுதியில், வகுப்பில் உண்மையிலேயே சீண்டப்படும் பிள்ளைக்கு அதே வேடத்தைத் தரவே கூடாது. அது ஊரறிய இன்னொரு தடவை நடக்கும் சீண்டல். சீண்டும் பிள்ளைக்குச் சீண்டுபவர் வேடமும் வேண்டாம், ஒத்திகைக்கு மேடை போட்டுத் தந்ததாகிவிடும். நேற்று நடந்த சம்பவத்தை இன்றைய பாடத்துக்கு உதாரணமாக எடுப்பதும் தவறு. பெயர் சொல்லாவிட்டாலும் முப்பது ஜோடிக் கண்களும் ஒரே மேசைப் பக்கம் திரும்பும். சிறு பிள்ளைகளிடம் ‘போய் அவனைத் தட்டிக் கேள்’ என்று சொல்லிக் கொடுப்பதும் ஆபத்துதான். ஏழு வயதில் செய்யக்கூடியது மூன்று: சிரிக்காமல் இருப்பது, ‘வா, நாம அங்க போலாம்’ என்று பாதிக்கப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு நகர்வது, பெரியவரிடம் சொல்வது. மூன்றாவதைச் சொல்லித்தரும்போது ‘கோள் சொல்றது’ என்ற பயத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் கோள். ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னால் உதவி. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே விளங்கும்.

பாடங்களோடு ஒரு கணினி விளையாட்டும் வருகிறது. ‘எனக்குத் தெரியும், என்னால் முடியும், நான் செய்கிறேன்’ என்ற மூன்று பகுதிகள் அதில் உண்டு. பிள்ளைகள் விரும்பி ஆடக்கூடியது, ஆனால் இதற்காகத் திட்டத்தை வாங்க வேண்டாம். இடைவேளையில் மேற்பார்வை செய்யும் ஆசிரியர்களுக்குப் பளிச்சென்ற மேல்சட்டை தருகிறார்கள். சின்ன விஷயம், நல்ல விஷயம்: அழும் குழந்தைக்கு யாரிடம் ஓடுவது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

இரண்டாவது பாதிக்கு வருவோம். கிவா நடத்தும் பள்ளியில் குறைந்தது மூன்று பெரியவர்கள் கொண்ட ஒரு குழு இருக்கும். புகார் வந்ததும் அந்த மூன்று அளவுகோலையும் வைத்துப் பார்க்கிறார்கள். சாதாரணச் சண்டை என்றால் வகுப்பாசிரியர் கவனித்துக்கொள்வார். சீண்டல் என்றால் குழு எடுத்துக்கொள்ளும். முதலில் பாதிக்கப்பட்ட குழந்தையோடு தனியாகப் பேச்சு: யார், எங்கே, எப்போது, எத்தனை நாளாக. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதையும் அந்தக் குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு என்ன ஆகுமோ என்ற பயம், சீண்டலுக்குச் சமமாகவே பிள்ளைகளை வாட்டும்.

அதன்பின் சீண்டியவர்களை ஒவ்வொருவராக, ஒரே நாளில், அடுத்தடுத்து அழைக்கிறார்கள். ஒருவர் வெளியே போய் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க இடைவெளி தரக் கூடாது. தனித்தனிப் பேச்சு முடிந்ததும் அவர்களை ஒன்றாக உட்காரவைத்து, இனி ஒவ்வொருவரும் என்ன செய்வார் என்று எழுதிக்கொள்கிறார்கள். ‘நல்ல பிள்ளையா இருப்பேன்’ என்பதை ஏற்கக் கூடாது. ‘வரிசையில் நிற்கும்போது அவன் பையை இழுக்க மாட்டேன்’ என்பதை ஏற்கலாம், ஏனென்றால் நடந்ததா இல்லையா என்று பின்னால் பார்க்க முடியும். ஓரிரு வாரம் கழித்து மறுசந்திப்பு, அதிலும் பாதிக்கப்பட்ட குழந்தையிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

இரு தரப்பையும் நேருக்கு நேர் நிறுத்தி ‘கை குலுக்குங்க, மன்னிப்பு கேளு’ என்று முடிக்கும் பழக்கத்துக்கு இதில் இடமில்லை. சமமான இருவர் சண்டைக்குச் சமரசம் பொருந்தும். சீண்டலில் ஒருவர் ஏற்கெனவே அடங்கிப்போயிருக்கிறார். எதிரே உட்காரவைத்தால் ‘பரவாயில்லை மிஸ்’ என்றுதான் சொல்வார், அதைத் தீர்வு என்று எழுதிவிடுவோம்.

சீண்டியவரிடம் பேசுவதில் இரண்டு பாணி உண்டு. ‘நீ செய்தது எங்களுக்குத் தெரியும், இப்போதே நிறுத்த வேண்டும்’ என்று நேரடியாகச் சொல்வது ஒன்று. குற்றம் சாட்டாமல், ‘அவன் கொஞ்ச நாளா ரொம்ப வாடிப்போயிருக்கான், அவனுக்கு நல்லாயிருக்க நீ என்ன செய்யலாம்?’ என்று கேட்பது இன்னொன்று. 65 பள்ளிகளில் 339 சம்பவங்களை வைத்து இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளே சொன்ன கணக்குப்படி 78 சதவீதத்தில் சீண்டல் நின்றது. மொத்தத்தில் எந்தப் பாணியும் மற்றதை விட உயர்ந்ததாகத் தெரியவில்லை. நேரடிப் பாணி 7 முதல் 9 வகுப்புகளிலும், தொடங்கிக் கொஞ்ச நாளே ஆன சீண்டலிலும் கூடுதல் பலன் தந்தது. கீழ் வகுப்புகளில் அப்படி வேறுபாடு இல்லை. ஆகவே சிறு பிள்ளைகளிடம் பேசுபவர் தனக்குக் கைவந்த பாணியைத் தேர்ந்துகொள்ளலாம். பாதியில் பாணி மாற்றுவது மட்டும் வேண்டாம். அன்பாகத் தொடங்கி அதட்டலில் முடித்தால் குழந்தை இரண்டையும் நம்பாது.

இந்த நடைமுறையிலேயே சிறந்த பகுதி வேறொன்று. வகுப்பாசிரியர் இரண்டு முதல் நான்கு பிள்ளைகளைத் தனியாக அழைத்து, பாதிக்கப்பட்டவருக்குத் துணையிருக்கக் கேட்கிறார். யாரை அழைப்பது என்பதில்தான் சூட்சுமம். இரக்க குணம் மட்டும் போதாது, வகுப்பில் மற்றவர்கள் மதிக்கும் பிள்ளைகளாகவும் இருக்க வேண்டும். யாரும் சீண்டத் துணியாத பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நிலைமை மாறும். தானே பயந்து ஒதுங்கியிருக்கும் பிள்ளையை அனுப்பினால் இருவரும் சேர்ந்து குறியாவார்கள். என்ன செய்வது என்று அவர்களையே சொல்லவிட வேண்டும். சாப்பிடும்போது கூட உட்காருவது, விளையாட்டுக்கு முதலில் கூப்பிடுவது, மணி அடித்ததும் சேர்ந்து வெளியே போவது, இதற்கு மேல் கேட்கவும் வேண்டாம்.

பலன் எவ்வளவு? முதல் பெரிய பரிசோதனை 78 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட 4 முதல் 6 வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்தது. ஒன்பது மாதத்தில் கிவா பள்ளிகளில் சீண்டலும் சீண்டப்படுவதும் மற்றப் பள்ளிகளை விடத் தெளிவாகக் குறைந்தன. நாடு முழுக்கப் பரவிய பிறகு 888 பள்ளிகளில், சுமார் ஒன்றரை லட்சம் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில் விளைவு கொஞ்சம் சிறியது, ஆனாலும் இருந்தது. அதில் கவனிக்க வேண்டியது, பலன் முதல் வகுப்பிலிருந்து கூடிக்கொண்டே போய் நான்காம் வகுப்பில் உச்சம் தொட்டது. அதாவது ஆறு ஏழு வயதில் தொடங்கும் பள்ளி முதல் ஆண்டிலேயே அற்புதம் எதிர்பார்க்கக் கூடாது. பாடங்களை முழுமையாக, தயாரித்து நடத்திய ஆசிரியர்களின் வகுப்பில் பலன் கூடுதல் என்பதும் ஆய்வில் தெரிந்தது. இருபது வகுப்பு நேரம் ஒதுக்க முடியாத பள்ளி இதை வாங்கிச் சுவரொட்டி ஒட்டுவதில் பொருள் இல்லை.

வருத்தம் தரும் ஒரு குறையும் உண்டு. வகுப்பில் சீண்டல் மொத்தமாகக் குறையும்போது, இன்னும் சீண்டப்படும் ஓரிரு பிள்ளைகளின் மனநிலை முன்னை விட மோசமாகலாம் என்று கிவா பள்ளிகளை ஆராய்ந்தவர்களே கண்டிருக்கிறார்கள். ‘எல்லாரும் நல்லாதான் இருக்காங்க, எனக்கு மட்டும் ஏன்? என்கிட்டதான் ஏதோ தப்பு’ என்று அந்தக் குழந்தை முடிவுகட்டிவிடும். ஆண்டுதோறும் நடத்தும் பெயர் கேட்காத கருத்துக்கணிப்பில் எண்ணிக்கை இறங்கியதும் நிம்மதியடையும் பள்ளி, மிச்சமிருக்கும் அந்த இரண்டு பேரைத் தவறவிடும். எண்ணிக்கை இறங்கும் ஆண்டில்தான் குழுவுக்கு வேலை அதிகம்.

இன்னொரு குறை பெற்றோருக்கு. இது பள்ளி உரிமம் பெற்று, ஆசிரியர்கள் பயிற்சி எடுத்து நடத்தும் திட்டம். வீட்டுக்கு வாங்க முடியாது. பெற்றோர் வழிகாட்டி இருக்கிறது, அதைப் படிப்பதில் நட்டமில்லை. ஆனால் இதன் நடைமுறையிலிருந்து வீட்டில் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. குழந்தை சொல்லத் தொடங்கியதும் ‘நீ என்ன பண்ணின?’ என்று கேட்காமல், ‘அப்போ பக்கத்துல யார் யார் இருந்தாங்க? அவங்க என்ன பண்ணாங்க?’ என்று கேளுங்கள். வெட்கம் குறையும், சாட்சியும் கிடைக்கும், உதவக்கூடிய ஒரு பிள்ளையின் பெயரும் அதிலேயே வரும். தேதி, இடம், என்ன நடந்தது என்று குழந்தையின் சொற்களிலேயே இரண்டு வரி குறித்து வையுங்கள். திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பள்ளிக்குக் காட்ட அந்தக் குறிப்பு போதும். மற்றக் குழந்தையின் பெற்றோரை நேரடியாக அழைக்க வேண்டாம். பெரியவர்கள் சண்டையாகிவிட்டால் பள்ளிக்கு ஒதுங்கிக்கொள்ள வழி கிடைக்கும், பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது.

பள்ளியில் கிவா இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: புகார் வந்தால் யார் கையில் எடுப்பார்? சீண்டியவர்களிடம் தனித்தனியாகப் பேசுவீர்களா? என் பிள்ளைக்குத் துணையாக யாரை நியமிப்பீர்கள்? மறுபடி என்றைக்கு என் பிள்ளையிடம் கேட்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒரு தேதி சொல்லும் வரை எழுந்து வர வேண்டாம்.