மோட்டார் ஸ்லைடரில் சிறு கேமரா: இரவு டைம்லாப்ஸ் அனுபவம்

கோப்ரோ ஹீரோ 10 கேமராவை 80 செ.மீ. நீள மோட்டார் ஸ்லைடரில் (கேமராவை மெதுவாக நகர்த்தும் தண்டவாளம்) பொருத்தி, ஜவ்வாது மலைப் பகுதியில் சில ஆண்டுகளாக இரவு டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடும் காணொளியாக்குவது) எடுத்துவருகிறேன். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைக்கக் காரணமான இருட்டு அங்கே இன்னும் ஓரளவு மிஞ்சியிருக்கிறது.

ஸ்லைடர் வாங்க நினைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, அது விண்மீன்களை நகர்த்தாது என்பதைத்தான். புவிச்சுழற்சியால் அவை மணிக்கு 15 பாகை நகர்கின்றன. கேமரா 80 செ.மீ. தள்ளிப்போவதால் அவற்றில் எந்த மாற்றமும் தெரியாது. நகர்வு தெரிவது அருகிலுள்ள பாறையிலும் மரக்கிளையிலும்தான். ஆகவே வானத்தை மட்டும் எடுப்பவருக்கு ஒரு முக்காலி போதும்.

சிறு கேமராவின் அனுகூலங்கள் இங்கே நன்றாகவே கைகொடுக்கின்றன. எடை சுமார் 150 கிராம் என்பதால் ஸ்லைடரைச் சாய்த்து வைத்தாலும் சிறிய மோட்டார் திணறுவதில்லை. குவியம் நிலையானது என்பதால் இருட்டில் ஃபோகஸ் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஆனால் ஒளியைப் பதியும் 1/2.3 அங்குலச் சிறு சென்சாரும் எஃப் 2.5 லென்ஸும் குறைந்த ஒளியையே பெறுவதால், நிலவில்லா இரவில் ஷட்டரை 30 விநாடி திறந்து வைக்கக் வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மூன்று மணி நேரத்தில் 360 படங்கள் என்று வைத்தால், ஒவ்வொரு படம் பதிவாகும்போதும் கேமரா 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாக நகர்கிறது. அரை மீட்டர் தொலைவிலுள்ள பாறை இதனால் 4கே ஃப்ரேமில் ஏறத்தாழ பத்துப் பிக்சல் அளவுக்கு இழுபட்டுக் கலங்கிவிடும். அதே பாறை இரண்டு மீட்டருக்கு அப்பால் இருந்தால் கலங்கல் கண்ணில் படாது, நகர்வோ தெளிவாகத் தெரியும். முன்னணிப் பொருளை நான் இப்போது அந்தத் தொலைவில்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

படம் எடுக்கும்போது நின்று, இடைவேளையில் மட்டும் நகரும் முறை என் ஸ்லைடரில் உண்டு. அதற்குக் கேமராவின் ஷட்டரை ஸ்லைடரே இயக்க வேண்டும்; இரண்டையும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடவிட்டால், சிறிது நேரத்திலேயே தாளம் தப்பிவிடுகிறது. என் ஸ்லைடரால் கோப்ரோவை அப்படி இயக்க முடியாததால், நிற்காத தொடர் நகர்வையே பயன்படுத்துகிறேன்.

மின்சாரத்துக்குப் பவர் பேங்க் அவசியம். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், சில பவர் பேங்குகள் வேலை முடிந்துவிட்டதாக எண்ணித் தாமே அணைந்துவிடுகின்றன. குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி நிலை உள்ளதை வாங்குவது நல்லது. படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் 4000 கெல்வின் அருகே நிறுத்துங்கள், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800க்குள் வையுங்கள், கேமரா சுருக்காத ரா வடிவில் பதியுங்கள். பனிக்காலப் பின்னிரவில் லென்ஸில் ஈரம் படியும். வெப்பப் பட்டை ஒன்றைச் சுற்றிவைப்பதைத் தவிர வேறு வழி எனக்குப் பிடிபடவில்லை.

அமாவாசை இரவே சிறந்தது என்ற பொதுவான அறிவுரை ஸ்லைடருக்கு முழுதாகப் பொருந்தாது என்பது என் கருத்து. ஏப்ரல் மாத வளர்பிறை அட்டமியை ஒட்டிய இரவில், நிலவொளியில் 10 விநாடி ஷட்டரே போதுமாகிறது. படங்களுக்கு இடையிலான இடைவெளியையும் 10 விநாடியாக வைத்தால் பாறையின் கலங்கல் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. நள்ளிரவை ஒட்டி நிலவு மேற்கே சாயும்போது பால்வீதியின் மையப்பகுதி தென்கிழக்கில் எழத் தொடங்கும். அப்போது ஸ்லைடரை நிறுத்திவிட்டு, ஷட்டரை 30 விநாடிக்கு மாற்றி வானத்தை மட்டும் எடுக்கலாம்.