கடைமடைக்காரர் கண்ணில் பாபிலோன்: லூவ்ர், பிரிட்டிஷ் மியூசியம் இணையச் சேகரிப்புகள்

இன்றைய ஈராக்கில் இருந்த பழைய நகரம் பாபிலோன் என்றதும் எல்லாருக்கும் தொங்கு தோட்டம்தான் ஞாபகம் வரும். அது எங்கே இருந்தது என்பதற்கே இன்னும் உறுதியான தடயம் கிடைக்கவில்லை. டெல்டாக்காரர்கள் அதை விட்டுவிட்டு நேராக அந்த ஊர் வாய்க்கால் கதைக்குப் போங்கள். பாரிஸ் லூவ்ரும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியமும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் காசில்லாமல் திறந்து வைத்திருக்கின்றன. எங்களுக்கு முத்துப்பேட்டைப் பக்கம் கோரையாற்றுப் பாசனம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும், தலைமடையில் நட்டு முடித்த பிறகுதான் எங்கள் மடைக்குத் தண்ணீர் எட்டும். அந்தக் கண்ணோடுதான் இரண்டு தளங்களையும் பார்த்தேன்.

லூவ்ரில் முதலில் பார்க்க வேண்டியது பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டங்களைப் பொறித்த கல். எண் 'எஸ்பி 8' (Sb 8) என்று தேடுங்கள். 2.25 மீட்டர் உயரக் கருங்கல். உச்சியில் தோளிலிருந்து சுடர் கிளம்ப உட்கார்ந்திருக்கிறார் சூரியக் கடவுள் ஷமாஷ். எதிரே கையை உயர்த்தி அரசன் நிற்கிறான். படத்தைப் பெரிதாக்கிக் கீழே இறங்குங்கள். முன்பக்கம் அடியில் எழுத்தே இல்லாமல் வழுவழுவென்று ஒரு பகுதி தெரியும். கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் இன்றைய ஈரான் பக்கத்து எலாம் நாட்டின் அரசன் சூத்ருக்-நகுந்தே இந்தக் கல்லைக் கொள்ளையடித்துத் தன் நகரமான சூசாவுக்குக் கொண்டுபோனான். அங்கேதான் அந்த எழுத்துகளைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு செய்தும் அந்த இடத்தில் புதிதாக எதுவும் பொறிக்கவில்லை. 1901-02-ல் பிரெஞ்சு அகழ்வாய்வில் கல் கிடைத்தது சூசாவில்தான்.

நம்ம விஷயம் 53 முதல் 56 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தன் கரையைப் பலப்படுத்தாமல் அலட்சியமாக இருந்தவனின் கரை உடைந்து ஊர் வயல் மூழ்கினால், அழிந்த தானியத்தை அவனே ஈடு கட்ட வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் சொத்தையும் விற்று, பாதிக்கப்பட்டவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பக்கத்து வயலின் வேலையைக் கெடுத்தவன், ஒரு பூர் நிலத்துக்கு 10 கூர் தானியம் அளக்க வேண்டும். பூர் என்பது ஏறக்குறைய நம்ம இரண்டரை வேலி; 10 கூர் சுமார் 3000 லிட்டர். ஆளை விற்கச் சொல்வது கொடுமை, அதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் கரைக்குப் பொறுப்பு யார் என்பதில் அந்தக் கல்லில் மழுப்பலே இல்லை.

பக்கத்து வயல் பெரியப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அளக்கிறது நெல்லாம்மா?" என்றார்.

"இல்ல பெரியப்பா, பார்லி."

"எதுவா இருந்தா என்ன, அளந்தான்ல!"

லண்டன் தளத்தில் எல்லாரும் ஓடிப் பார்ப்பது, மட்டமான செம்பு தந்துவிட்டார் என்று ஏயா-நாசிர் என்ற வியாபாரிக்கு நன்னி என்பவர் எழுதிய புகார்க் களிமண் பலகை. உள்ளங்கைக்குள் அடங்கும், 11.6 செ.மீ. தான். பாருங்கள், ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். லார்சா நகரத்தில் இருந்த அதிகாரி சின்-இத்தினத்துக்கு ஹம்முராபி அனுப்பிய கடிதங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்றில், 'தாமனும்' என்ற பெயருள்ள வாய்க்காலின் கரையில் நிலம் வைத்திருப்பவர்களைக் கூட்டித் தூர்வாரச் சொல்கிறான். இந்த மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று கெடுவும் வைக்கிறான். நம்ம குடிமராமத்தேதான்! பேரரசை ஆண்டவன் ஒரு வாய்க்காலைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறான். காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும் எங்கள் பிரிவு வாய்க்காலை நினைத்துக்கொண்டே அதைப் படித்தேன், நெஞ்சு கனத்துப்போனது.

தளங்களில் தமிழ் கிடையாது. லூவ்ர் விவரங்கள் பிரெஞ்சில் இருப்பதால் உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைப் போட்டுக்கொள்ள வேண்டும். பல பலகைகளுக்குப் படமும் அளவும் இருக்கும், என்ன எழுதியிருக்கிறது என்பது இருக்காது. அதற்கு, கியூனிஃபார்ம் என்ற அந்த ஆப்பு வடிவ எழுத்துப் பலகைகளுக்கென்றே உள்ள சிடிஎல்ஐ (CDLI) தளத்தில் அதே அருங்காட்சியக எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இலவசம்தான். போனைவிடக் கம்ப்யூட்டர் நல்லது. அந்தக் கீறல்கள் பெரிய திரையில்தான் துலங்கும்.

பிரிட்டிஷ் மியூசியம் தன் படங்களை வணிகமல்லாத தேவைக்குப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கிறது. அந்தத் தூர்வாரும் கடிதத்தை அச்செடுத்து, அடியில் தமிழில் பொருள் எழுதி, அடுத்த பாசன சங்கக் கூட்டத்தில் எல்லார் கையிலும் கொடுக்கப் போகிறேன்.