உவர்மலை வீட்டை யாரிடம் ஒப்படைப்பது: தரகரா, பராமரிப்பு நிறுவனமா, உறவுக்காரரா?

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். உவர்மலை வீடு எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. திருகோணமலைக் கடற்காற்று பூட்டிய வீட்டைச் சும்மா விடாது. போய்த் திறந்தபோது யன்னல் கம்பியெல்லாம் துரு, குசினிக் கதவுக் கீல் இறுகிப்போய் அசையவே இல்லை. கேற் சரியாகச் சாத்தாமல் இருந்ததால் மான்கள் உள்ளே வந்து அம்மாவின் செவ்வரத்தையைத் தண்டு வரை தின்றிருந்தன. அன்றைக்கே வாடகைக்கு விடுவது என்று முடிவெடுத்தோம்.

அதற்குப் பிறகு நாலு வருடத்தில் மூன்று விதமாக அந்த வீட்டை விட்டுப் பார்த்திருக்கிறோம். வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு ஊரில் வீடு வைத்திருக்கிற பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "கொமிஷன் எவ்வளவு?" அந்தக் காசுக்கு அவர்கள் என்ன செய்வார்கள், எதைச் செய்யமாட்டார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். கணக்கு விளங்குவதற்காக மாத வாடகை 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 480,000.

முதலில் தரகர். அனுராதபுரச் சந்தியிலிருந்து அலஸ்தோட்டம் வரை எந்த வீடு காலியாகிறது, எந்தத் திணைக்களத்துக்கு யார் மாற்றலாகி வருகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாகாண சபை அலுவலகங்கள், வங்கிகள், கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகம் என்று வெளியூரிலிருந்து வந்து வீடு தேடுபவர்களுக்கு இங்கே குறைவில்லை. எங்கள் தரகர் பத்து நாளில் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தார். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை கேட்டார். அதாவது வருட வருமானத்தில் 8.3 வீதம். இரண்டு பக்கமும் பாதிப் பாதி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

குளியலறைப் பைப் உடைந்தபோது அவருக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். "தங்கச்சி, ஆளைப் பிடிச்சுத் தாறது என்ட வேலை. அதுக்குப் பிறகு நீங்களும் அவங்களும்" என்றார். அவர் சொன்னது நியாயம். ஒரு பைப்புக்காகக் கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் போய்வந்தேன். ஆனால் அதே குடும்பம் இரண்டாம் வருடமும் இருந்தபோது அரை மாத வாடகை திரும்பக் கேட்டாரே, அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. புதுப்பித்தலுக்குக் கொமிஷன் உண்டா இல்லையா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

அடுத்தது முழுப் பராமரிப்பு. இரண்டாம் வருடம் முடிந்ததும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். ஆள் பிடிக்க ஒரு மாத வாடகை, பிறகு மாதாமாதம் 10 வீதம். முதல் வருடம் 40,000 உம் 48,000 உம் சேர்த்து 88,000. அது 18 வீதத்துக்கும் மேல். ஆள் மாறாமல் இருந்தால் அடுத்த வருடம் 48,000 மட்டும். பார்க்கப் பெரிய தொகைதான். ஆனால் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே 40,000 போய்விடும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

வேலை நடந்தது, அதை மறைக்கவில்லை. மார்கழி மழையில் கூரை ஒழுகியபோது அடுத்த நாளே ஆள் ஏறியது. தண்ணீர் மோட்டர் எரிந்தபோது அன்றைக்கே சரிசெய்தார்கள். கணக்கில் மோட்டருக்கு 18,500 ரூபா கழித்திருந்தார்கள், கடைப் பில் இல்லை. நானே கடையைத் தேடி விசாரித்தேன். சுருள் சுற்றிய கூலியும் சாமானும் சேர்த்து 11,000தான். மிச்சம் 7,500 "ஏற்பாட்டுச் செலவு" என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. 5,000 ரூபாவுக்கு மேல் போகும் எந்தத் திருத்தமும் கேட்டுத்தான் செய்யவேண்டும், கடையின் மூலப் பில் வேண்டும் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தத் தலையிடி வந்திராது.

அதைவிடப் பெரிய விஷயம் முற்பணம். ஆறு மாதத்து முற்பணம் 240,000 ரூபா அவர்கள் கணக்கில் கிடந்தது. குடியிருந்தவர்கள் போகும்போது திருப்பிக் கொடுக்க மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். அந்த மனிதர் பாவம், எனக்குத்தான் போன் எடுத்துக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. லண்டனில் மச்சாளும் வீடு வாடகைக்கு விடுகிறாள். அங்கே அந்த வைப்புப் பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தாகவேண்டும். ஆள் பிடிப்பது மட்டும், வாடகை அறவிடுவதும் சேர்த்து, முழுப் பராமரிப்பு என்று முகவர்கள் மூன்று படியாக விலை சொல்வார்கள். மேலே 20 வீத வற் வரி வேறு. 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் குடியிருக்க வருபவரிடம் முகவர் கட்டணம் வாங்க முடியாது, அதனால் எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான். இங்கேயோ முற்பணம் யார் கணக்கில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். நிறுவனம் வாடகையை வாங்கலாம், முற்பணம் நேரே உங்கள் கணக்குக்கு வரட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு இருந்தால் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வழியும் உண்டு. எங்களிடம் ஒருவர் 25 வீதம் கேட்டார். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை ஓடும், வாடைக்காற்று மழை தொடங்கினால் படுத்துவிடும். உவர்மலை வீட்டுக்கு அது சரிவராது.

இப்போது இருப்பது மூன்றாவது ஏற்பாடு. ஆள் பிடிக்கப் பழைய தரகர், பார்த்துக்கொள்ளச் சித்தியின் மகன். முதலில் தம்பி காசே வேண்டாம் என்றான். காசு வாங்காத ஆளிடம் கணக்குக் கேட்க வாய் வராது, அது எனக்குத் தெரியும். பெற்றோல் செலவென்று சொல்லி மாதம் 3,000 ரூபாவுக்குச் சம்மதிக்கவைத்தேன். வாடகை மட்டும் அவன் கைக்குப் போவதில்லை. குடியிருப்பவர் அவனுடைய மகளின் ரீச்சர், பிந்தினால் அவனால் கேட்க முடியாது. நேரே வங்கிக்கு வருகிறது. முதல் வருடச் செலவு 76,000, அடுத்த வருடம் 36,000. நிறுவனத்தோடு பார்த்தால் வருடம் 12,000தான் மிச்சம். பில்லைத் தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் காசு கேட்கிறான் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஊரில் இப்படி ஒருவர் இல்லாதவர்கள், முக்கியமாகக் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள், காசைப் பாராமல் முழுப் பராமரிப்புக்கே போங்கள். ஒப்பந்தத்தை மட்டும் வரி வரியாக வாசியுங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் நொத்தாரிசைத் தவிர்க்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. தரகர் நீட்டுகிற அச்சுத்தாளில் கையெழுத்து வைத்தால் போதாது. தவணை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை மீட்க 2023இல் விரைவான வழக்கு முறை ஒன்றும் வந்திருக்கிறது, அப்போதும் கையில் சரியான ஒப்பந்தம் இருக்கவேண்டும். நொத்தாரிசுக் கூலி யார் தலையில் என்பதையும் முதலே பேசிவிடுங்கள்.

இன்னொன்று, கறண்ட் பில் அப்பாவின் பெயரில்தான் இன்னும் வருகிறது. முதல் குடும்பம் போனபோது இரண்டு மாதப் பில்லை நாங்கள்தான் கட்டினோம், தரகரும் அதைக் கேட்கவில்லை. தை மாதம் புதிய ஆட்கள் வருகிறார்கள். திறப்பைக் கொடுக்க முதல் கறண்ட் மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் படம் எடுத்து அனுப்பத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.