குவாரி மேட்டுப் பார்த்தீனியம்: பிடுங்குவதா, மருந்தடிப்பதா, உப்பு தெளிப்பதா?

ஆந்திராவின் குப்பத்திலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் வேப்பனப்பள்ளி எல்லை வரை குவாரி நடத்துகிறவருக்கும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கும் தலைவலி ஒன்றுதான். கிரானைட் வெட்டிய குழி ஒரு பக்கம், கழிவுக் கல்லும் மண்ணும் கொட்டிய மேடு மறுபக்கம். ஒரு மழை விழுந்தால் போதும், மேடு முழுக்கப் பார்த்தீனியக் களை. தெலுங்கு வேலையாட்கள் இதை வய்யாரிபாமா என்பார்கள். ஒரு செடி 10,000 விதைக்கு மேல் உதிர்க்கும். முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்தும் விடும்.

ஜேசிபி விட்டுச் சுரண்டிவிடலாம் என்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். சீமைக் கருவேலம் என்றால் சரி. வேரோடு பெயர்க்காவிட்டால் அது அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். பார்த்தீனியத்துக்கு இது வீண் டீசல். மண்ணைப் புரட்டினால் அடியில் கிடந்த விதை மேலே வருகிறது. பக்கெட்டிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மேட்டுக்கும் போகிறது.

அடுத்தது கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. வயலில் நன்றாகக் கேட்கும் மருந்து, குவாரியில் பாதிதான் கேட்கும். காரணம் தூசி. இலைமேல் கல்தூள் படிந்திருந்தால் மருந்து இலைக்குள் இறங்காமல் தூளோடு ஒட்டிச் செயலிழந்துவிடுகிறது. கலக்கும் போர் தண்ணீர் உப்புக் கடினமாக இருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் லிட்டருக்கு 10 மில்லி மருந்தோடு 20 கிராம் அம்மோனியம் சல்பேட்டும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்க்கச் சொல்கிறார்கள். மழை இலையைக் கழுவிவிட்ட மறுநாள், வானம் வெறித்திருக்கும்போது அடிக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் மண்ணிலுள்ள விதைக்கு ஒன்றும் ஆகாது. பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள்தான் இதை அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. வாட்ச்மேன் கையில் ஸ்பிரேயரைக் கொடுத்துவிட்டுப் போகிற கதை வேண்டாம்.

உப்பு மலிவு. 10 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ சாப்பாட்டு உப்பு, ஒட்டுவதற்குச் சோப்பு. நல்ல வெயிலில் தெளித்தால் செடி கருகிவிடும். ஆனால் மேட்டில் தெளித்த உப்பு மழையோடு குழித் தண்ணீரில்தான் போய்ச் சேரும். அந்தத் தண்ணீரை ஆடு மாடு குடிக்கிறது. பின்னால் அதே மேட்டில் ஏதாவது வளர்க்கவும் முடியாது.

பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகன் வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. இன்று நம் பக்கமும் உண்டு. மழைக்காலத்தில் இலையைச் சல்லடை போடும், வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய் அடங்கிவிடும். வந்தால் வரட்டும். அதை நம்பி உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

கையால் பிடுங்குவதற்குத்தான் என் ஓட்டு, ஆனால் மழை பெய்த இரண்டு நாளுக்குள். காய்ந்த மேட்டில் இழுத்தால் கழுத்தில் ஒடிந்து, மிச்சத்திலிருந்து மறுபடி கிளைக்கும். ஈரத்தில் ஆணிவேர் முழுசாக உருவிக்கொண்டு வரும். பூக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி கட்டாயம். ஏற்கெனவே தோலரிப்போ இழுப்போ உள்ளவரை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. பூ வந்த செடியை எருக்குழியில் போடாதீர்கள்.

எந்த வழியில் அழித்தாலும் அடுத்த மழையில் வெற்று மண் மறுபடி இதையேதான் முளைக்க வைக்கும். ஆகவே பிடுங்கிய கையோடு ஆவாரை, கொழிஞ்சி, கொழுக்கட்டைப்புல் மூன்றையும் கலந்து விதையுங்கள். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு தேய்த்துவிட்டுப் போட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். ஆடு அதை அவ்வளவாகக் கடிக்காது என்பது கூடுதல் லாபம். இரண்டு மூன்று மழைக்காலம் இடையில் வரும் பார்த்தீனியத்தைக் கண்ட இடத்தில் பிடுங்கிக்கொண்டே இருந்தால், அப்புறம் மேட்டை ஆவாரை பார்த்துக்கொள்ளும்.

லாரிப் பாதையோரத்தில் மட்டும் இது நடக்காது. எதை விதைத்தாலும் டிப்பர் ஏறி நசுக்கிவிடும். குழிக்குத் தண்ணீர் வடியாத பாதையாக இருந்தால் அங்கே உப்புக் கரைசலே போதும். தெளித்த ஸ்பிரேயரை நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள், இல்லையென்றால் துருப்பிடித்துவிடும்.