இறால் குளத்து அம்மோனியா: நைட்ரஜனேற்றமா, பயோஃபிளாக்கா?

தொண்டி, தேவிப்பட்டினம் பக்கத்து இறால் குளங்களில் அம்மோனியாவை அடக்க இரண்டு வழி. முதலாவது நைட்ரஜனேற்றம். இதில் நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியா அம்மோனியாவை ஹைட்ராக்சிலமைன் என்ற இடைநிலைப் பொருளாக்கி, பிறகு நைட்ரைட்டாக ஆக்சிஜனேற்றும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொரு பாக்டீரியா கூட்டம். அது மெதுவாகப் பெருகுவதால் புதுக் குளத்தில் நைட்ரைட் எகிறும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 4.5 கிராம் ஆக்சிஜன் போகும். நீரின் காரத்தன்மையும் 7 கிராம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) குறையும். ஈடுகட்டாவிட்டால் பிஎச் இறங்கி வேலை படுத்துவிடும்.

இரண்டாவது பயோஃபிளாக், அதாவது சர்க்கரை போட்டு பாக்டீரியாத் திரள்களைக் குளத்திலேயே வளர்ப்பது. இதில் ஆக்சிஜனேறுவது மொலாசஸ் (கரும்பாலைக் கழிவுப்பாகு) சர்க்கரை. அம்மோனியாவோ பாக்டீரியாவின் புரதமாகிறது. வேகம் அதிகம்தான். ஆனால் அதே 1 கிராமுக்குச் சுமார் 15 கிராம் கார்போஹைட்ரேட் வேண்டும், 8 கிராம் கசடு சேரும். நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் நின்றால் அந்தக் கசடே ஆக்சிஜனைக் குடித்துவிடும். ஜெனரேட்டர் இல்லாத பண்ணைக்கு இது வேண்டாம்.