இந்திரா காந்தி நினைவு இல்லம், டெல்லி: அம்மாச்சியும் பெரியப்பாவும் சேர்ந்து பாத்த வீடு

5க்கு 4 ஸ்டார். டெல்லி போறவங்க இந்திராவை பிடிக்கும் பிடிக்காதுங்கிறத கொஞ்சம் தள்ளி வச்சிட்டு அரை நாள் ஒதுக்கி இந்த வீட்டை பாத்துட்டு வாங்க. முடிஞ்சா உங்க கருத்துக்கு நேர் எதிரா பேசுற ஒரு ஆளையும் கூட்டிட்டு போங்க. நான் அப்படித்தான் போனேன். ஒரு பக்கம் அம்மாச்சி, வயசு 80, இந்திராம்மான்னா உசுரு. இன்னொரு பக்கம் அப்பாவோட அண்ணன், எங்க பெரியப்பா, மதுரையில பழைய திமுக ஆளு.

இடம் 1 சஃப்தர்ஜங் ரோடு. பக்கத்து மெட்ரோ லோக் கல்யாண் மார்க், அங்க இருந்து ஆட்டோ. டிக்கெட் கிடையாது, திங்கக்கிழமை மூடியிருக்கும். லீவு நாள்ல போனா கூட்டம் தள்ளிக்கிட்டே போகும், நின்னு பாக்க முடியாது, அதனால வார நாள்ல காலையிலயே போயிடுங்க.

உள்ள போன உடனே போட்டோவும் பழைய பேப்பர் கட்டிங்கும்தான். 1969 ஜூலை 19ல 14 பேங்கை அரசு எடுத்துக்கிட்டது, மன்னர்களுக்கு குடுத்துட்டு இருந்த மானியத்தை நிறுத்துனது, 1971 டிசம்பர்ல டாக்காவில பாகிஸ்தான் படை சரணடைஞ்சது, 1974ல பொக்ரான்ல அணுகுண்டு வெடிச்சு பாத்ததுன்னு நான் ஒவ்வொண்ணா அம்மாச்சிகிட்ட சொல்லிக்கிட்டே வந்தேன். பங்களாதேஷையும் பொக்ரானையும் கேட்டும் கேக்காத மாதிரி வந்துச்சு, பேங்க்னு சொன்ன உடனே நின்னுடுச்சு. "அந்த பேங்கு வந்ததாலதான்யா எனக்கு மாட்டு லோனு கெடச்சுச்சு, அதுக்கு முன்னாடி பேங்கு வாசப்படியில எங்கள மாதிரி ஆளுக ஏறுனதே இல்ல"ன்னுச்சு. 1981ல வாங்குன கறவை மாடு அது. அந்த பால் காசுலதான் எங்கம்மா பத்தாவது வரைக்கும் படிச்சாங்க. இது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். இத்தனை வருசமா அம்மாச்சி ஏன் கைக்கு மட்டுமே குத்துதுன்னு நாங்க யாருமே கேட்டதில்ல.

பெரியப்பா இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லல. அவர் பேச ஆரம்பிச்சது எமர்ஜென்சின்னு வந்தப்பதான். 1975 ஜூன் 12ல அலகாபாத் ஹைகோர்ட் அவங்க எலெக்ஷன் செல்லாதுன்னு சொன்னது, 25ஆம் தேதி ராத்திரி எமர்ஜென்சி, 1976 ஜனவரி 31ல கலைஞர் ஆட்சியை கலைச்சது, விசாரணை இல்லாம ஜெயில்ல வைக்கிற மிசா சட்டத்துல உள்ள போய் அடிபட்ட திமுக எம்.பி. சிட்டிபாபு அடுத்த வருசமே செத்துப்போனது, எல்லாத்தையும் தேதி மாறாம சொன்னாரு. இந்த வீட்டை நடத்துறது அவங்க பேர்ல இருக்கிற டிரஸ்ட், அதனால அவங்கள நேசிச்சவங்க கண்ணு வழியாத்தான் நாம பாக்குறோம், மத்த கணக்கை நாமதான் கையில எடுத்துட்டு போகணும். ஒரு ஸ்டார் குறைச்சது இதுக்காகத்தான். நாட்டோட பிரதமர் வாழ்ந்த வீடு, ஜெயிலுக்கு போனவங்க பக்கத்துல இருந்தும் பாக்க இங்க ஒரு அறை முழுசா வேணும்னு நான் மனசார நினைக்கிறேன்.

1977 எலெக்ஷனை பத்தி பேசிக்கிட்டே நடந்தோம். வடக்க அவங்கள மொத்தமா தூக்கி வீசிட்டாங்க, ரேபரேலியில ராஜ் நாராயண்கிட்ட அவங்களே தோத்தாங்க, ஆனா தமிழ்நாட்டுல எம்ஜிஆரோட சேந்த அவங்க கூட்டணிக்குத்தான் அதிக சீட்டு. எமர்ஜென்சியில நடந்த கட்டாய கருத்தடையில அடிபட்ட ஊரோட தீர்ப்பு வேற, பஸ்ஸு ஆபீஸெல்லாம் ஒழுங்கா ஓடுச்சேன்னு நினைச்ச ஊரோட தீர்ப்பு வேற. இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு. ராமேஸ்வரத்துல போய் கேட்டா 1974ல கச்சத்தீவை குடுத்தவங்கன்னுதான் முதல்ல சொல்லுவாங்க.

அடுத்து அவங்க வாழ்ந்த அறைகள், கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கணும். படிக்கிற அறை முழுக்க புத்தகம், சாப்பாட்டு மேஜை, ஹால் எல்லாம் நான் நினைச்சு போனதை விட ரொம்ப எளிமை. அப்புறம் அந்த சேலை. குண்டு பட்ட ஓட்டையோட, கறையோட, கூடவே அவங்க பையும் செருப்பும். அம்மாச்சி முந்தானையால வாயை பொத்திக்கிட்டு அப்படியே நின்னுச்சு. ராஜீவ் காந்திக்கும் இங்கயே இடம் ஒதுக்கியிருக்காங்க, 1991 மே 21ல ஸ்ரீபெரும்புதூர்ல போட்டிருந்த துணியோட மிச்சமும் ஷூவும் இருக்கு. நம்ம ஊர் மண்ணுல நடந்ததுங்கிறதால அங்க நின்னப்ப எங்க மூணு பேருக்குமே பேச்சு வரல.

கடைசியா தோட்டத்து பாதை. 1984 அக்டோபர் 31 காலையில 9 மணிக்கு மேல, வெளிநாட்டு நடிகர் பீட்டர் உஸ்தினோவ் எடுக்கிற பேட்டிக்காக பக்கத்து அக்பர் ரோடு ஆபீசுக்கு நடந்து போனப்பதான் சொந்த காவலர்களே சுட்டாங்க. நடந்த வழி முழுக்க கிரிஸ்டல் பதிச்சிருக்காங்க, விழுந்த இடத்துல மட்டும் வெறும் கண்ணாடி.

அங்க நின்னுட்டுத்தான் பெரியப்பா அதை சொன்னாரு, எங்கப்பாவுக்கே தெரியாதாம். 1977 அக்டோபர்ல இந்திரா மதுரைக்கு வந்தப்ப கறுப்புக்கொடி காட்டுன கூட்டத்துல இவரும் இருந்திருக்காரு, அப்ப வயசு 19. கல்லு பறந்திருக்கு, அப்ப காங்கிரஸ்ல இருந்த நெடுமாறன்தான் கூட இருந்து அடியை தான் வாங்கிக்கிட்டு அவங்கள காப்பாத்துனாரு. "நான் கல்லு எறியல அத்தை, ஆனா எறிஞ்சவன் கைய பிடிக்கவும் இல்ல"ன்னு அம்மாச்சி முகத்தை பாத்து சொன்னாரு. மூணு வருசத்துல திமுக அவங்களோடவே கூட்டணி வச்சு, "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக"ன்னு கலைஞர் வரவேற்றப்ப அந்த போஸ்டரை ஒட்டுனதும் இவர்தான். அம்மாச்சி ரொம்ப நேரம் கழிச்சு, "விடுங்க தம்பி, நானும் அவ தப்பே பண்ணாத பொம்பளன்னு சொல்லல, எனக்கு அவ குடுத்தா, அதான் நான் பேசுறேன்"னுச்சு. சேந்தே பாதையோட முடிவு வரைக்கும் நடந்தாங்க.

இதை பாத்துட்டு நேரா ரூமுக்கு போயிடாதீங்க. பெரியப்பா கட்டாயப்படுத்தி பார்லிமென்ட் பக்கத்துல இருக்கிற ரகாப்கஞ்ச் குருத்வாராவுக்கு கூட்டிட்டு போனாரு. 1984ல கொல்லப்பட்ட சீக்கியர்களோட பேரை பொறிச்ச நினைவுச்சுவர் அங்க இருக்கு, 2017ல திறந்தது. அந்த வருசம் ஜூன்ல பொற்கோயிலுக்குள்ள ராணுவம் போனது, அக்டோபர்ல அந்த தோட்டத்துல சீக்கிய காவலர்கள் அவங்கள சுட்டது, அடுத்த மூணு நாலு நாள் டெல்லி தெருவுல சீக்கியர்களை கொன்னது எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேந்ததுதானே, டெல்லியில மட்டும் 2,733 பேர்னு அரசு கணக்கே சொல்லுது. காலையில அந்த சேலை முன்னாடி நின்ன மாதிரியே அம்மாச்சி இந்த சுவர் முன்னாடியும் முந்தானையால வாயை பொத்திக்கிட்டு நின்னுச்சு. ஒரு பேர் மேல விரலை வச்சு "இதை வாசிய்யா"ன்னுச்சு, வாசிச்சேன். அடுத்ததையும் வாசிக்க சொன்னுச்சு.