வாய்க்கால் நீர்மட்டமும் ஐந்தரை மணிக் குழப்பமும்

மன்னார்குடிப் பக்கம் பெரியப்பா வயலுக்குப் பாயும் வாய்க்காலில் நீர்மட்டம் பார்க்க ஒரு சென்சார் மாட்டியிருக்கிறேன். 6:07, 6:10, 6:12 என்று அளவுகள் ஒழுங்கில்லாமல் வந்து விழும். அவற்றைக் கால் மணி, ஒரு மணி என்று கட்டிச் சராசரி எடுக்க மூன்று வழிகளைப் பார்த்தேன்.

முதலாவது, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் உள்ள டேட்_ட்ரங்க் (date_trunc) ஃபங்ஷன், நேரத்தின் கடைசிப் பகுதியை வெட்டிவிடும். மணி, நாள், மாதம் என்று வெட்ட இதுதான் சுலபம். தரவுத்தள இணைப்பின் (செஷன்) நேர மண்டலத்தைச் சரியாக வைத்தால் நம் கடிகாரப்படியே வெட்டும். ஆனால் கால் மணிக்கு இதில் வழியில்லை. நிமிடத்தைத் தனியே எடுத்து, 15ஆல் வகுத்து, மீதியைத் தள்ளி, திரும்பப் பெருக்கிக் கூட்ட வேண்டும். 90 நிமிடம் கேட்டால் அதுவும் படுத்துவிடும்.

இரண்டாவது, எபாக் கணக்கு. 1970 தொடக்கத்திலிருந்து ஓடும் நொடிகளை 900ஆல் வகுத்து, கீழ் முழு எண்ணாக்கி, மறுபடி 900ஆல் பெருக்குவது. மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் போன்ற மற்ற தரவுத்தளங்களிலும் ஓடும். நானும் இதில்தான் ஆரம்பித்தேன். கால் மணிக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மணிக்காக 3600 என்று மாற்றினேன், பெரியப்பா பிடித்துக்கொண்டார்: "ஏன்டா தம்பி, ஆறு மணிக்குத்தானே மடையைத் திறந்தேன், உன் பெட்டி அஞ்சரைன்னு காட்டுதே?"

அவர் சொன்னது சரிதான். எபாக் ஓடுவது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. நம் 6:07 அங்கே 0:37. கீழே இறக்கினால் 0:00, அதாவது நம் 5:30. நாள் கணக்கும் அப்படியே, விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கும். வகுக்கும் முன் 19,800 நொடி கூட்டி, கடைசியில் கழித்தால் தீரும். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்த எண் என்னவென்று நமக்கே புரியாது, ஒரு கமென்ட் எழுதிவையுங்கள். இன்னொன்று, கீழ் முழு எண்ணுக்குப் பதில் அருகில் உள்ள எண்ணுக்கு மாற்றும் ரவுண்டு வேண்டாம். 6:08ஐ 6:15க்குத் தள்ளிவிடும், இன்னும் வராத நேரத்துக்கு.

மூன்றாவது, 2021இல் போஸ்ட்கிரெஸ் 14உடன் வந்த டேட்_பின் (date_bin) ஃபங்ஷன். இடைவெளி, நேரம், தொடக்கப்புள்ளி மூன்றையும் கொடுத்தால் போதும். மாதம், வருடம் மட்டும் இடைவெளியாக ஏற்காது. என் ஓட்டு இதற்குத்தான், காரணம் மழை. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை. டேட்_ட்ரங்க் நள்ளிரவில் வெட்டும், எபாக் ஐந்தரைக்கு வெட்டும். ஐப்பசியில் விடிய விடியப் பெய்த மழை இரண்டு நாளாகப் பிரிந்துபோகும். டேட்_பின்னில் தொடக்கப்புள்ளியை 8:30 என்று வைத்தால் ஒரே கட்டாக வரும். தேதிக்கு மட்டும் ஒரு நாள் கூட்டுங்கள். அவர்கள் முடியும் நாளின் பெயரில்தான் எழுதுவார்கள்.

எதை எடுத்தாலும், எந்த வரிசைகள் வேண்டும் என்று வடிகட்டும் WHERE பகுதியில் நேரப் பத்தியை இந்த ஃபங்ஷன்களுக்குள் போடாதீர்கள். தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் வீணாகிவிடும். அங்கே வெறும் 'இதிலிருந்து இதுவரை' போதும். அப்புறம், கரண்ட் போன நேரத்துக்கு எந்த வழியிலும் வரிசையே வராது. ஜெனரேட்_சீரிஸ் (generate_series) ஃபங்ஷனால் எல்லா நேரக் கட்டங்களையும் வரிசையாகப் போட்டு, அளவு இல்லாத கட்டமும் நிற்கும்படி லெஃப்ட் ஜாயின் (left join) செய்துகொள்ளுங்கள்.